அப்பாவுக்காக வைத்த நேர்ச்சை: பிரார்த்தனையின்போது மனசில் நடப்பது

குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர். கோயில் படி ஏறிப் பல வருஷம் ஆகிறது, தனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்றே நினைத்திருந்தாராம். அப்பாவுக்குப் பைபாஸ் நடந்த அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, தன்னை அறியாமலே மண்டைக்காட்டு அம்மனிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார்: அப்பா நல்லபடியாக வந்தால் மாசிக் கொடை விழாவுக்கு வீட்டிலிருந்து நடந்தே வந்து பொங்கல் இடுகிறேன் என்று. அம்மா தனியாக ஒரு நேர்ச்சை. பக்கத்து வீட்டு அக்கா விடிய விடிய ஜெபமாலை. அப்பா நலமாக வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது தம்பிக்கு நான்கு கேள்விகள். பிரார்த்தனை வேலை செய்ததா? ஆபத்துக்கு மட்டும் கடவுளைத் தேடிய நான் சுயநலக்காரனா? நேர்ச்சையை முடிக்க நம்பிக்கை இல்லை, முடிக்காமல் விடவும் பயமாக இருக்கிறது, என்ன செய்வது? கடைசியாக, இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லலாமா?

தம்பி, உளவியல் சொல்லிக்கொடுத்தவன், நாகர்கோவிலில் ஆலோசனைக்கு வருகிறவர்களோடு பேசுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடவுள் உண்டா என்பதற்கு என் துறையிடம் பதில் கிடையாது. கும்பிடுகிற மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஓரளவு சொல்ல முடியும்.

முதல் கேள்வியைப் புள்ளிவிவரத்தை வைத்துக் கேட்டவர்களில் பழையவர் இங்கிலாந்துக்காரரான பிரான்சிஸ் கால்டன். நாடு முழுக்க ஞாயிறுதோறும் அரச குடும்பத்தின் ஆயுளுக்காக ஜெபிக்கிறார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்களா என்று 1872-இல் கணக்குப் பார்த்தார். வசதியான வகுப்பார் எல்லோரிலும் அவர்களுக்குத்தான் ஆயுள் குறைவாக வந்தது. அது முரட்டுக் கணக்கு, அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

உங்கள் நிலைமைக்கு நேராகவே பொருந்தும் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு பிரிவிடமும் 'உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம்' என்று சொன்னார்கள். அதில் ஒரு பிரிவுக்கு ஜெபம் நடந்தது, இன்னொன்றுக்கு நடக்கவில்லை. மூன்றாம் பிரிவிடம் 'உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்' என்று சொல்லி, ஜெபமும் நடந்தது. ஜெபித்தவர்கள் நோயாளிகளை முன்பின் அறியாதவர்கள். பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் கொடுக்கப்பட்டு, 14 நாள் ஜெபித்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் முதல் பிரிவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51. ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்திருந்த மூன்றாவதில் 59. அந்த 59-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு அது தேவைப்படும்.

இதை எடுத்துக்கொண்டு 'பிரார்த்தனை பொய்' என்று முழங்குபவர்களும் உண்டு, 'கடவுளைச் சோதிக்கக் கூடாது' என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. மூன்று பிரிவிலும் இருந்தவர்களுக்கு அம்மா, மனைவி, பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் வாய்விட்டோ விடாமலோ வேண்டிக்கொண்டதை எந்த ஆய்வாளராலும் தடுக்க முடியாது. அளந்து பார்த்தது, முகம் தெரியாதவர்களின் ஜெபத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மட்டும். அதற்குப் பலன் தெரியவில்லை. அந்த அளவில் அதை ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை என் பதில் இது. அவர் உடம்பைச் சரிசெய்தது அறுவை செய்த கைகளும், மயக்க மருந்து கொடுத்தவரும், ஐசியுவில் ராத்திரி முழுக்க விழித்திருந்த நர்ஸ்களும். அதற்குப் பின்னால் அம்மனின் கை இருந்ததாக உங்கள் அம்மா நம்பினால், அதை மறுக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் நம் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர் குணமானவர். அதே வியாதியில், அதே உருக்கத்தோடு வேண்டிக்கொண்டு, ஆளை இழந்த குடும்பம் எழுந்து நின்று சாட்சி சொல்வதில்லை. பலித்தது காதுக்கு வருகிறது, பலிக்காதது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. எந்த மதமானாலும் இப்படித்தான்.

சரி, நம்பிக்கை இல்லாத உங்கள் வாயில் அந்த நேரம் அம்மன் ஏன் வந்தாள்?

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்கே கரையோர உப்பங்கழியில் மீன் பிடிப்பவர்கள் மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை. அங்கே ஆபத்தும் இல்லை, மீன் கிடைப்பதும் நிச்சயம். அதே ஆட்கள் திறந்த கடலுக்குப் போகும்போது விரிவான சடங்குகள் செய்தார்கள். அறிவும் உழைப்பும் போய் நிற்கும் எல்லையில், அதற்கு மேல் மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் மனிதன் சடங்கைத் தேடுகிறான் என்று அவர் எழுதினார். நம் கடற்கரைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். அந்த ஊர்களில் கிறிஸ்தவக் கோயில்தான் ஊரின் நடு.

உங்கள் நிலையும் அதுதான். டாக்டரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், பணம் கட்டியது நீங்கள், ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தது நீங்கள். தியேட்டர் கதவு சாத்திய பிறகு உங்களால் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கை சும்மா இருக்கிறது, பயம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியை மனசு வெறுமையாக விடாது. சின்ன வயதில் எந்த மொழியில் பயத்தை ஒப்படைக்கக் கற்றுக்கொண்டதோ அந்த மொழிக்குத் திரும்பும். கொடைக்கு அம்மாவின் இடுப்பில் இருந்து போய், அம்மனாகக் கும்பிடும் புற்றைப் பார்த்துக் கைகூப்பி, தலைவலிக்கு மண்டையப்பம் என்ற பலகாரம் நேர்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அது மண்டைக்காடு. கோட்டாறு சவேரியார் கோயிலில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு பெயர் வந்திருக்கும். உங்கள் கொள்கை மாறிப்போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். நம்பிக்கை என்று நாம் வார்த்தையில் சொல்வது ஒன்று, உடம்பில் பதிந்திருப்பது ஒன்று. அவசரத்தில் இரண்டாவது முந்திக்கொள்ளும்.

அந்த நேரத்தில் மூளையில் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் ஊஃபே ஷோட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆழ்ந்த பக்தியுள்ள 20 கிறிஸ்தவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனப்பாடமான ஜெபத்தைச் சொல்லச் சொன்னார்கள், சொந்த வார்த்தையில் கடவுளிடம் பேசச் சொன்னார்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் ஆசைகளைக் கேட்கவும் சொன்னார்கள். சொந்த வார்த்தையில் ஜெபித்தபோது, எதிரே இருக்கும் இன்னொரு ஆள் என்ன நினைக்கிறார் என்று நாம் ஊகிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் தூண்டப்பட்டன. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் கேட்டபோது அப்படி இல்லை. அவர்களுக்குக் கடவுள் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஆள், தாத்தா வெறும் கதை. பக்தனின் மூளைக்குத் தனிப்பட்ட பிரார்த்தனை என்பது பேச்சு. நம் பாட்டிகள் பூஜையறையில் நின்று 'உனக்குக் கண்ணில்லையா, என்னை இப்படிச் சோதிக்கிறாயே' என்று சண்டை போடுவதைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

மனப்பாட ஜெபத்துக்கு வேறொரு வேலை உண்டு. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழு 2001-இல் 23 பேரிடம் செய்த ஆய்வு: லத்தீன் மொழியில் ஜெபமாலையின் 'அருள் நிறைந்த மரியே' சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தைச் சொன்னபோதும், மூச்சு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 6 என்று இறங்கியது. இதயத் துடிப்பின் லயமும் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலும் அதனால் சீரடைந்தன. பக்கத்து வீட்டு அக்கா விடிய விடிய மணி உருட்டினாரே, உங்கள் அப்பாவுக்கு அது என்ன செய்தது என்று தெரியாது. அக்காவின் நெஞ்சை நிச்சயம் அமைதிப்படுத்தியிருக்கும். அமைதியாக இருந்த அக்கா காலையில் உங்கள் அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பார். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

இனிச் சுயநலம். உங்கள் கேள்விகளில் என்னை அதிகம் வருத்தியது இதுதான், ஏனென்றால் இதே குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 'வேலை கிடைக்கணும்னு மட்டும் போறேன் சார், இதெல்லாம் பக்தியா?' என்பார்கள்.

மனிதர்கள் எதனால் மதத்தை நாடுகிறார்கள் என்று வகைப்படுத்தும் முயற்சி மேற்கே தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. கடவுளை நாடுபவர்கள் நான்கு வகை: துன்பப்படுபவன், தெரிந்துகொள்ள விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. ஞானியே உயர்ந்தவன் என்று சொல்லும் அதே இடத்தில், இவர்கள் எல்லோருமே நல்லவர்கள்தான் என்றும் சொல்லியிருக்கிறது. துன்பத்தில் வந்தவனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. இன்னொரு பக்கம், எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ராபியா என்ற சூஃபி அம்மையார் பெயரால் வழங்கும் வேண்டுதல்: நரகத்துக்குப் பயந்து உன்னைத் தொழுதால் அதிலேயே என்னை எரித்துவிடு, சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டுத் தொழுதால் அதை எனக்கு மறுத்துவிடு. கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கும் உயரம் அது. ஆனால் அந்த உயரத்தை ஐசியு வாசலில் உட்கார்ந்திருப்பவனிடம் அளவுகோலாக நீட்டுவது கொடுமை.

உளவியலில் இந்தப் பேச்சுக்கு அடித்தளம் போட்டவர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும். 1967-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, மதத்தைப் பயன்படுத்துபவர்கள், மதத்தை வாழ்பவர்கள் என்று இரண்டு நோக்கைப் பிரித்தது. அந்தஸ்து, பாதுகாப்பு, ஆள் பழக்கம் இவற்றுக்காகக் கோயிலுக்குப் போவது முதலாவது. வாழ்க்கையின் மற்ற தேவைகளையே நம்பிக்கைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திக்கொள்வது இரண்டாவது. அவர்களை அங்கே கொண்டுபோன கேள்வி வேறு: அண்டை வீட்டாரை நேசி என்று போதிக்கும் தேவாலயத்துக்குப் போகிறவர்களிடம் இனவெறுப்பு ஏன் கூடுதலாக இருக்கிறது? மதத்தைப் பயன்படுத்துபவர்களிடமே அந்த வெறுப்பு அதிகம் என்று கண்டார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான், இது வெறும் ஏட்டுக் கேள்வியாக எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் இந்தப் பிரிவினையை ஆள்களின் நெற்றியில் ஒட்டுவது தவறு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒரே மனுஷி மகளின் கல்யாணத்துக்காகத் திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயிலில் பொங்கல் இடப் போகிறாள். வரும்போது ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு கிழவியின் கதையைக் கேட்டு அழுகிறாள், தன் மகளை மறந்து அந்தக் கிழவிக்காக வேண்டிக்கொள்கிறாள். எந்தப் பெட்டியில் அவளைப் போடுவது? கேட்கப் போன இடத்தில் உறவு உண்டாகிவிடுகிறது. பெரும்பாலான பக்திக்குத் தொடக்கம் தேவைதான் என்பது என் எண்ணம்.

இந்தப் பிரிவைவிட எனக்குப் பயன்பட்டது ரிச்சர்ட் ரையனும் சகாக்களும் 1993-இல் முன்வைத்த பிரிவு. ஒரு மனிதர் ஏன் பிரார்த்திக்கிறார் என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். 'செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கும், நாலு பேர் தப்பாக நினைப்பார்கள்' என்பது ஒன்று. 'எனக்கு இது முக்கியம், மனநிறைவு தருகிறது' என்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வரிசையில், ஒரே தேங்காயோடு நிற்பார்கள். இரண்டாவது வகைக் காரணம் மனநலத்தோடு சேர்ந்து போகிறது, முதல் வகை பதற்றம் போன்றவற்றோடு சேர்ந்து போகிறது. எவ்வளவு கும்பிடுகிறோம் என்பதைவிட எந்தக் காரணம் நம்மை இழுக்கிறது என்பதில் மனநலம் தங்கியிருக்கிறது.

அந்த அளவுகோலை வைத்து உங்களைப் பாருங்கள். தியேட்டர் வாசலில் உங்களை நேர்ந்துகொள்ள வைத்தது அப்பா மேல் இருந்த பாசம். உங்களுக்காக நீங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்டது இன்னொருவருடைய உயிர், கொடுப்பதாகச் சொன்னது உங்கள் கால் வலி. இதைச் சுயநலம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இப்போது உங்களை அரிக்கிறதே, 'முடிக்காவிட்டால் அப்பாவுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ' என்ற நினைப்பு, அது வேறு. அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டவர். மனிதர்கள் கஷ்டத்தில் கடவுளோடு மூன்று விதமாக வேலையைப் பங்கிடுகிறார்கள் என்று 1988-இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பவர்கள், 'நீ பார்த்துக்கொள்' என்று முழுதும் விட்டுவிடுபவர்கள், 'சேர்ந்து பார்ப்போம்' என்பவர்கள். மூன்றாவது வகை என்றால் எப்படி இருக்கும் என்று 2017-இல் நம் குமரி மாவட்டமே பார்த்தது. நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கடற்கரை ஊர்களின் பெண்கள் கோயிலில் முழந்தாளிட்டு ஜெபித்தார்கள். அதே பெண்கள் சில நாளில் ஆயிரக்கணக்கில் நடந்து உங்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து, தேடுதலைத் தீவிரப்படுத்து என்று தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஜெபம் செய்கிறவன் செயல்படமாட்டான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வரும்.

பார்கமென்ட் 2001-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு கவலைக்குரியது. மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்டவர்களை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்', 'கடவுளுக்கு என் மேல் அன்பில்லை', 'இது பிசாசின் வேலை' என்ற எண்ணங்களோடு போராடியவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது, உடல்நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும். கோபப்பட்டுக் கேட்பது தீங்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற 22-ஆம் சங்கீதத்தின் கதறலைத்தான் இயேசு சிலுவையில் சொன்னார். குலசேகர ஆழ்வார் சேர நாட்டு அரசர். இன்றைக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பார்த்து, மருத்துவன் கத்தியால் அறுத்துச் சுட்டாலும் நோயாளி அவன் மேல் வைத்த அன்பு போகாதது போல, நீ தீராத துயரம் தந்தாலும் உன்னையே பார்த்திருப்பேன் என்று பாடினார். கதறலிலும் அந்தப் பாட்டிலும் உறவு அறுபடாமல் இருக்கிறது. கெடுதல் செய்வது, உறவு அறுந்து, எதிரே இருப்பவர் தண்டனைக்காரராக மட்டும் மிஞ்சுவது.

அதனால்தான் நோயாளியின் வீட்டாரிடம் போய் 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்றும், 'பழைய நேர்ச்சைக் கடன் ஏதோ பாக்கி இருக்கிறது, அதுதான்' என்றும் சொல்பவர்கள் மீது எனக்குக் கடும் கோபம் உண்டு. சொல்பவர் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. துக்கத்தில் இருப்பவன் தலையில் குற்றத்தையும் ஏற்றிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். கேட்டவன் தூங்குவதில்லை.

உங்களைப் பயமுறுத்தும் அந்த அம்மன் யார் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். நிக்கோலஸ் எப்லி என்பவர் குழு 2009-இல் செய்த ஆய்வில், ஒரு விஷயத்தைப் பற்றிக் கடவுளின் கருத்து என்ன என்று ஊகிக்கும்போது மக்கள் தங்கள் சொந்தக் கருத்தையே பெருமளவு அவர் மேல் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தது. மற்ற மனிதர்களைப் பற்றி ஊகிக்கும்போது இருப்பதைவிட இது கூடுதல். அவர்களுடைய கருத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் கடவுளின் கருத்தும் கூடவே திரும்பியது. அய்யாவழிக் கோயிலான சாமித்தோப்புப் பதியில் கண்ணாடி முன்னால் நின்று கும்பிட்டிருப்பீர்கள். உனக்குள் இருப்பவரைப் பார் என்பது அய்யாவழி சொல்லும் பொருள், அதன் பெருமையை இந்த ஆய்வோடு நான் கலக்க மாட்டேன். ஆனால் கடவுளின் முகம் என்று நாம் பயப்படும் முகத்தில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு சின்ன வயதில் நம்மை மிரட்டிய ஒரு பெரியவருடையது என்று கேட்டுப் பார்க்க அது நல்ல இடம். சொன்ன வார்த்தை தவறினால் பிள்ளையைப் பழிவாங்கும் தாய் உங்கள் அம்மா கும்பிடுகிற அம்மனா? அம்மாவிடமே கேளுங்கள். 'அவளுக்குத் தெரியாதா என் பிள்ளை நிலைமை' என்று பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி நேர்ச்சையை என்ன செய்வது. நீங்கள் நடந்து போவதையே நான் விரும்புகிறேன், பயத்தைத் தீர்க்க என்பதற்காக அல்ல. அன்றைக்கு உங்களால் அப்பாவுக்காக ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முடியாமல் உடம்பில் தேங்கிப்போன அந்தப் பரிதவிப்புக்கு ஒரு செயல் வேண்டும். நம் ஊரில் அதற்கு இருக்கும் வடிவம் நேர்ச்சை. இருமுடி கட்டிக் கேரளத்திலிருந்தும் பெண்கள் வந்து சேருகிற அந்த மாசிக் கூட்டத்தில், ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்காக வந்தவர்கள். நீங்கள் மட்டும் தனியாகப் பயந்தவர் இல்லை என்பது அங்கே போனால் உங்கள் காலுக்கே தெரியும்.

இதற்கும் ஒரு ஆய்வு உண்டு, நம் ஆட்களைப் பற்றியது என்பதால் சொல்கிறேன். மொரீஷியஸில் தமிழ் வம்சாவளியினர் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். டிமிட்ரிஸ் ஜிகலடாஸ் குழு 2013-இல் வெளியிட்டது இது. கோயிலில் கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் பெயர் தெரியாமல் போடும் தானத்தில் கூடுதலாகக் கொடுத்தார்கள். வலி எவ்வளவு என்று சொன்னார்களோ அதோடு கொடையும் கூடியது. காவடி எடுக்காமல் கூட நடந்துபோனவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். நேர்ச்சை நேர்ந்தவரோடு நிற்பதில்லை, கூட வருபவர்கள் மேலும் படிகிறது. அதனால் தனியாகப் போகாதீர்கள். அம்மாவைப் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். அவர் வருவார்.

நம்பிக்கையே இல்லாமல் நடப்பது போலித்தனம் என்று உங்களுக்குத் தோன்றினால், நடக்க வேண்டாம். அதற்கும் வழி இருக்கிறது. அம்மன் முன்னால் ஒரு நாள் சாதாரணமாகப் போய் நின்று, 'அன்றைக்குச் சொன்னேன், இப்போது மனசு வரவில்லை, அப்பா பிழைத்ததற்கு நன்றி' என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நேர்ந்ததற்கு ஆகும் செலவை மெடிக்கல் காலேஜ் வாசலில் கூட இருக்க ஆளில்லாமல் கிடக்கும் ஒரு நோயாளிக்குச் சாப்பாடாக வாங்கிக் கொடுங்கள். நேர்ந்ததை மாற்றிச் செய்யப் பெரியவர்களிடம் கேட்டு வழி செய்துகொள்வது நம் வழக்கத்தில் உள்ளதுதான். மறைத்துவைத்துக்கொண்டு தினமும் பயப்படுவது மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 'ஏதாவது ஆகிவிடும்' என்ற நினைப்பு விலக்க விலக்கத் திரும்பி வருகிறது, அதை அடக்க மறுபடி மறுபடி மனசுக்குள் மன்னிப்புக் கேட்கிறீர்கள், புதுப்புது நேர்ச்சை வைக்கிறீர்கள், தூக்கம் கெடுகிறது என்றால், அது பக்திக் குறைவோ பக்தி மிகுதியோ கிடையாது. எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) ஒரு வடிவம் இப்படி மத உருவில் வரும். மனநல மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சையால் நன்றாகக் குறையக்கூடியது. நேர்ச்சையால் அதைத் தீர்க்கப் போனால் கூடத்தான் செய்யும்.

கடைசிக் கேள்வி. அந்த 59 சதவீதத்துக்கு வருவோம். ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு ஏன் சிக்கல் கூடியது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். 'ஜெபக் குழுவையே கூப்பிடும் அளவுக்கு என் நிலைமை மோசமா' என்ற பதற்றமாக இருக்கலாம் என்பது ஒரு ஊகம். அதனால் அறுவைக்கு முன்னால் ஒருவரிடம் 'உனக்காக ஊரே ஜெபிக்கிறது' என்று கண்ணீரோடு சொல்வதைவிட, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது நல்லது என்று நான் சொல்வதுண்டு. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இப்போது சொல்லலாம். நேர்ச்சை என்ன, பயம் எப்படி இருந்தது, யார் பெயரைக் கூப்பிட்டீர்கள் என்பதையெல்லாம் அப்படியே சொல்லுங்கள். பைபாஸ் முடிந்தவர்களில் பலருக்கு அடுத்த மாதங்களில் மனச்சோர்வு வருகிறது, தான் வீட்டுக்குப் பாரம் என்ற நினைப்பு வருகிறது. சாமி கும்பிடாத மகன் தனக்காகக் கைகூப்பினான் என்று தெரிவது அந்த மனுஷனுக்குத் தேவைப்படும். டாக்டர் அனுமதித்தால், கொடைக்கு அவரையும் காரில் கூட்டிக்கொண்டு போங்கள்.